பொருத்தம் வேண்டிப் புறப்படல்

பண்டைத் தமிழ்ச் சான்றோர் வகுத்த இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பதும் ஒன்று. வள்ளல் ஒருவனிடம் சென்று பரிசில் பெற்று மீளும் கூத்தரோ, பாணரோ, பொருநரோ, விறலியரோ, வழியிலே வறுமையோடு எதிர்ப்படுவோர்க்குத் தாம் பெற்ற பேற்றை எடுத்துரைத்து, அங்குச் செல்லும் நெறியையும் அறிவுறுத்துவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டிலே செம்பாதி ஆற்றுப்படைகளே. பிராசீன பாடசாலையொன்றிலே ஆண்டுதோறும் இப்பாடத்தை மாணவர்க்குக் கற்பித்து வரும் யான், 2024ஆம் ஆண்டிலே என் மனைவியோடு ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி மீண்டேன். அன்று முதல் முஸ்லிம் அன்பர் பலர் வழி கேட்டு வருகின்றனர். பிற சமயத்து நண்பர்களோ, “அங்கே யாது செய்வீர்கள்?” என அன்போடு வினவுகின்றனர். இரு சாரார்க்கும் ஒருங்கே விடையாகுக என்னும் கருத்தோடு இதனை எழுதலானேன்.

ஹஜ்ஜு என்னும் அரபுச் சொல்லுக்கு நாடிச் செல்லுதல் என்பது பொருள். நாடுதல் மனத்தின் தொழில். செல்லுதல் காலின் தொழில். காலின் தொழில் சில நாள்களில் முடிந்துவிடும். துல்ஹஜ் மாதத்து எட்டாம் நாள் தொடங்கும் கிரியைகள் பன்னிரண்டாம் நாளோடு அல்லது பதின்மூன்றாம் நாளோடு நிறைவெய்தும். மனத்தின் தொழிலுக்கோ எனக்கு ஐந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஹஜ்ஜு ஒன்றே ‘இயன்றவர்க்கு’ என்னும் அடைமொழியோடு விதிக்கப்பட்டது என்பர். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். இயலுதல் யாது? உடல் நலம் வேண்டும். வழியிலே அச்சம் இருத்தலாகாது. போக்குவரவுக்கு வேண்டிய பொருள் கையில் இருத்தல் வேண்டும். கடன் தீர்ந்திருத்தல் வேண்டும். மீண்டு வரும் வரை வீட்டிலுள்ளார்க்கு உணவும் உடையும் குறைவின்றி வைத்துச் செல்லுதல் வேண்டும். கடன் வாங்கியேனும் செல்க என்று மார்க்கம் எவரையும் பணிக்கவில்லை.

யானும் என் மனைவியும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தோம். ஆசிரியத் தொழிலின் ஊதியத்திலே மிச்சம் பிடிப்பது எளிதன்று. அவள் பன்பாய் இழைத்தும், நெல் அவித்து அரிசியாக்கி விற்றும் சேர்த்த பணமே அத்தொகையிலே பெரும்பங்கு. 2019ஆம் ஆண்டளவிலே இருவர்க்கும் போதுமான தொகை தேறியது. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் வந்தது. வெளிநாடுகளிலிருந்து எவரும் அனுமதிக்கப்படவில்லை. 2021உம் அவ்வாறே கழிந்தது. 2022ஆம் ஆண்டிலே வாயில் திறந்தபோது நம் நாட்டு நாணயம் வீழ்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திலே 360 ரூபாவை எட்டிவிட்டது. இருவர்க்கென வைத்த பணம் ஒருவர்க்கே காணும் என்றாயிற்று.

“முதலில் நீங்கள் போய் வாருங்கள்” என்றாள் மனைவி. என் மனம் ஒப்பவில்லை. கடமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அன்றியும், அவள் விரல் தேயச் சேர்த்த பணத்திலே யான் மட்டும் சென்று கஃபாவைக் காண்பது எங்ஙனம் தகும்? எஞ்சிய தொகைக்கு ஒரு வழியே இருந்தது. வாப்பா விட்டுச் சென்ற வயலிலே எனக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால், அவ்வயல் பிரிக்கப்படாமற் கிடந்தது. அதனை முன்னிட்டே என் மூத்த காக்காவும் யானும் ஒன்பது ஆண்டுகள் பேசாதிருந்தோம். வாய்க்காற் பக்கம் யாருக்கு, மேட்டுப் பக்கம் யாருக்கு என்பதே பிணக்கு. அதன் நியாய அநியாயங்களை எடுத்துரைத்தல் இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று.

ஊர்ப் பள்ளிவாசலிலே ஹஜ்ஜு விளக்கம் நடத்தும் மௌலவி அவர்களிடம் இதனைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “பிணக்கிலே கிடக்கும் சொத்தின் பணத்தோடு போகாதீர்கள். பணம் கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் முதலில் காக்காவின் படலைக்குப் போங்கள்” என்றார்.

இவ்விடத்திலே ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் பொருந்தும். பொருத்தம் என்பதற்கு ஒத்திருத்தல், தகுதி, உடன்பாடு எனப் பல பொருள்கள் உள. பாட்டியல் நூலார் மங்கலம், சொல், எழுத்து முதலாகப் பத்துப் பொருத்தம் கூறுவர். மணம் பேசுவோர் சாதகப் பொருத்தம் பார்ப்பர். முஸ்லிம்களாகிய எங்கள் வழக்கிலே இச்சொல் மேலும் ஆழ்ந்த பொருளிலே வழங்குகிறது. இறைவன் ஓர் அடியானைக் குறித்துக் கொள்ளும் திருப்தியை ‘அல்லாஹ்வின் பொருத்தம்’ என்போம். ஒருவர் பிழையை மற்றவர் மனமாரப் பொறுத்து ஏற்பதைப் ‘பொருந்திக்கொள்ளுதல்’ என்போம். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர், உற்றார் உறவினர் அயலார் இல்லந்தோறும் சென்று, “தெரிந்தும் தெரியாமலும் நடந்தவற்றைப் பொருந்திக்கொள்ளுங்கள்” எனக் கேட்பது தொன்று தொட்ட வழக்கம். இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் மன்னிப்பான். மனிதர்க்குச் செய்த குற்றத்தை அம்மனிதரே பொறுத்தல் வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆதலின் இவ்வழக்கத்தை உபசாரம் என்று எண்ணுதல் தவறு. பயணத்தின் முதற் கிரியை அதுவே.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பின் சென்றேன். மக்கா நகருக்கு வான்வழியிலே சில மணி நேரம். எங்கள் வீட்டிலிருந்து காக்காவின் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். அப்பத்து நிமிடத்தைக் கடக்க ஒன்பது ஆண்டுகள் சென்றிருந்தன. காக்கா வயலிலிருந்து வந்து முற்றத்திலே கால் கழுவிக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். ஸலாத்துக்குப் பதிலுரைத்தல் கடமை. ஆதலின், என்னை நோக்கி அவர் வாயிலிருந்து எழுந்த முதற் சொல் அக்கடமையாகவே அமைந்தது. மதினி தேநீர் கொணர்ந்து வைத்தார். அது ஆறும் வரை எவரும் பேசவில்லை. பின்னர், “ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருக்கிறேன் காக்கா. பொருந்திக்கொள்ள வேண்டும்” என்றேன்.

அவர் தலை நிமிராமலே கேட்டார்: “ஹஜ்ஜுக்குப் போறதால கேக்கிறியா? இல்ல, கேக்க வேணும் எண்டு கேக்கிறியா?”

முப்பது ஆண்டுகள் மாணவரை வினாவியவன் யான். இத்தகைய வினாவை எதிர்கொண்டதில்லை. “ரெண்டுக்கும்தான் காக்கா” என்றேன். அவர் நெடுநேரம் வாளா இருந்தார். மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. எழுந்தவர், “ஒன்ட பங்க வெளியாளுக்கு விக்காத. ரெண்டு போகம் பொறு” என்று மட்டும் சொல்லிப் பள்ளிவாசலுக்கு நடந்தார். யானும் உடன் நடந்தேன். ஒரே வரிசையிலே தோளோடு தோள் சேர நின்று தொழுதோம்.

2021ஆம் ஆண்டிலே இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையினாலே விளைச்சல் வீழ்ந்து கடன்பட்டிருந்த கமக்காரருள் அவரும் ஒருவர். இரண்டு போகம் என்றது அதனால்தான். சொன்னபடியே, கடனையும் அடைத்து, என் பங்குக்குரிய விலையையும் குறைவின்றித் தந்தார். 2023ஆம் ஆண்டின் இறுதியிலே நொத்தாரிசு முன் உறுதி முடிந்தது. கையொப்பமிட்டு வெளியே வருகையிலே, “அரபாவில என்னயும் ஞாபகம் வச்சிக்க” என்றார்.

அதன் பின்னரே புற ஆயத்தங்கள் தொடங்கின. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திலே பதிவு செய்தோம். மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி இட்டுக்கொண்டோம். வைகறைத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் இருவரும் கடற்கரை வழியே நடந்து பழகினோம். ஹஜ்ஜு நாள்களிலே நடை மிகுதி. ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் முன்னரே அறிந்திருத்தல் நலம். மரண சாசனம் எழுதி மூத்த மகளிடம் ஒப்படைத்தோம். ஓதவேண்டிய அரபு மொழி இறைஞ்சுதல்களை மாணவன் போல் மனனம் செய்தேன்.

விடை பெறச் சென்ற இல்லந்தோறும், “எங்களுக்காக துஆச் செய்யுங்கள்” என்றனர். மறவாதிருக்க அப்பியாசக் கொப்பியொன்றிலே ஒவ்வொருவர் வேண்டுதலையும் குறித்துக்கொண்டேன். மகப்பேறு வேண்டினார் ஒருவர். கண் பார்வை வேண்டினார் ஒருவர். கணிதத்திலே சித்தி வேண்டினான் ஒரு மாணவன். என்னோடு பண்டிதர் வகுப்பிலே ஒருங்கு பயின்ற சைவ நண்பர் ஒருவர் உளர். அவர் மகன் இறுதி யுத்த காலத்திலே காணாமற் போனவன். அவர் என் கையைப் பற்றி, “உங்கள் இறைவன் தமிழறிவான் அன்றோ? என் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல் கேளுங்கள்” என்றார். அதனையும் எழுதினேன்.

கடல்வழிச் சென்ற நம் முன்னோர்க்கு யலம்லம் என்னும் இடம் எல்லையாய் அமைந்தது. அவ்வெல்லையைக் கடக்குமுன் இஹ்ராம் பூணுதல் வேண்டும். விமானத்திலே செல்லும் இக்காலத்தார் பலர் கட்டுநாயக்கவிலேயே அதனை உடுத்துவிடுவர். ஆண்களுக்குத் தையலற்ற வெள்ளைத் துணி இரண்டு. ஒன்று அரையில், ஒன்று தோளில். பெண்கள் தம் வழக்கமான கண்ணிய உடையிலேயே இருக்கலாம். நறுமணம் ஆகாது, நகம் களைதல் ஆகாது, வேட்டை ஆகாது, வீண் வாதம் ஆகாது. என் பக்கத்திலே இருந்தவர் பெருவணிகர் எனப் பின்னரே அறிந்தேன். அவ்வுடையிலே வணிகர் யார், வாத்தியார் யார் என எங்ஙனம் அறிவது?

இஹ்ராம் பூண்டார் இடையறாது முழங்குவது தல்பியா. ‘லப்பைக்’ என்னும் அதன் முதற் சொல்லுக்கு ‘இதோ வந்தேன்’ என்பது கருத்து. நம்மவர் பெயர்களிலே வழங்கும் ‘லெப்பை’ என்பதும் இச்சொல்லின் வழி வந்தது என்று கூறும் மரபொன்று உண்டு. மொழிநூலார் ஏற்பினும் ஏலாதொழியினும், அழைத்தவனுக்கு மறுமொழியாக ஒரு குலத்தார் பெயர் அமைந்தது என்பது நினைக்க இனிதே.

மக்காவை அடைந்து முதலில் உம்றாவை முடித்தோம். கஃபாவை இடப்புறமாகக் கொண்டு ஏழு சுற்று. பின்னர் ஸபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடை. அந்நடை மட்டும் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். குழந்தைக்கு நீர் தேடி ஹாஜரா அம்மையார் ஓடிய ஓட்டத்தின் நினைவு அது. பச்சை விளக்கிட்ட பகுதியிலே ஆண்கள் விரைந்தோடுவர். பெண்கள் இயல்பாக நடப்பர். முழங்கால் நோவோடு மெல்ல நடந்து வந்த என் மனைவி, “அண்டைக்கு ஓடினது ஒரு பொம்புள. இண்டைக்கு ஓடுறது முழுக்க ஆம்புளையள்” என்றாள். பல விரிவுரைகள் கேட்ட எனக்கு அவ்வளவு செறிவான உரை கிடைத்ததில்லை.

ஜூன் 14ஆந் திகதி மினாவை அடைந்தோம். 1997ஆம் ஆண்டிலே நேர்ந்த பெருந்தீயிலே முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பின்னர், அங்குள்ள கூடாரங்கள் தீப்பற்றாத துணியால் அமைக்கப்பட்டன. மறுநாள் சனிக்கிழமை, துல்ஹஜ் ஒன்பதாம் நாள், அரபாப் பெருவெளி. ஹஜ்ஜின் உயிர்நிலை இதுவே. இங்கே தரியாதார்க்கு ஹஜ்ஜு இல்லை. சுற்றுதலோ ஓடுதலோ ஈண்டுக் கிடையா. நண்பகல் முதல் ஞாயிறு மறையும் வரை தங்கி இறைஞ்சுவது ஒன்றே கிரியை.

மனனம் செய்த அரபு இறைஞ்சுதல்களை ஒவ்வொன்றாய் ஓதினேன். சிறிது நேரத்திலே அவை முடிந்துவிட்டன. மாலையோ நெடிதாய்க் கிடந்தது. கொப்பியை எடுத்தேன். அரபாவிலே எம்மொழியிலும் இறைஞ்சலாம் என்பது அறிஞர் கருத்து. அதனை முன்னரே அறிவேன். ஆயினும் வாய் திறந்து என் தாய்மொழியிலே கேட்கத் தொடங்கியபோது உடல் நடுங்கியது. தமிழைக் கற்பித்துச் சோறுண்டவன் யான். அன்று வரை அத்தமிழைப் பிறர்க்கு விளக்கவே பயன்படுத்தினேன், கேட்பதற்குப் பயன்படுத்தியதில்லை. இலக்கணம் மறந்தது, அணி மறந்தது. என் உம்மா என்னைத் தாலாட்டிய ஊர்ப் பேச்சே வந்தது. காக்காவின் பெயரை வாப்பாவின் பெயரோடு சேர்த்து முதலிற் சொன்னேன். நண்பரின் மகன் உயிரோடு உளனாயின் வீடு சேரவும், இல்லையாயின் அத்தந்தைக்கு உண்மை தெரியவும் வேண்டினேன். கொப்பியின் கடைசிப் பெயரைச் சொல்லி முடித்தபோது ஞாயிறு சாய்ந்திருந்தது.

அன்றிரவு முஸ்தலிபாவிலே திறந்த வானத்தின் கீழ்த் தங்கினோம். எறிதற்குரிய கற்கள் கடலை அளவினவாதல் வேண்டும். பத்தாம் நாளுக்கு ஏழு, பதினொன்று, பன்னிரண்டாம் நாள்களுக்கு இருபத்தொன்று, இருபத்தொன்று, ஆக 49. பதின்மூன்றாம் நாளும் தங்குவோர்க்கு 70. மனைவி அவற்றைப் பொறுக்கி எண்ணிச் சிறு பையிலே முடிந்தாள்.

அவ்வாண்டின் வெப்பத்தைப் பற்றிக் கூறாது விடுதல் ஆகாது. ஜூன் 17ஆந் திகதி மக்காப் பெரும்பள்ளியிலே 51.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. நம் நாட்டிலே பெருநாள் கொண்டாடப்பட்ட திங்கட்கிழமை அது. மினாவிலிருந்து கல்லெறியச் செல்லும் பெருவழியோரத்திலே முதியவர் ஒருவர் நிழலின்றிச் சாய்ந்திருக்கக் கண்டோம். எங்கள் கழுத்திலே தொங்கிய அடையாள அட்டை போல் ஒன்று அவர் கழுத்திலே இல்லை. கூடாரம் இல்லை, வண்டி இல்லை. மனைவி நீர் கொடுத்தாள். யான் குடை பிடித்தேன். தொண்டர் வந்து அவரைக் கொண்டு சென்றனர். அவர் மொழி எமக்குத் தெரியாது. எம் மொழி அவருக்குத் தெரியாது. பின்னர் அவர் என்ன ஆனார் என்பதையும் அறியோம்.

அந்த ஹஜ்ஜிலே 1,301 பேர் மாண்டனர் எனவும், அவருள் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமுமின்றி வெயிலிலே நெடுந்தூரம் நடந்தவர் எனவும் சவூதி அரசு அறிவித்தது. பதிவுச் செலவுக்கு வழியில்லாத எளியோரைச் சுற்றுலா அனுமதியிலே அழைத்து வந்து கைவிட்ட தரகர் பலர். எகிப்து அரசு இது குறித்து 16 பயண நிறுவனங்களின் உரிமங்களை இரத்துச் செய்தது. இறந்தாரை விதியறியாதார் எனப் பழித்தல் எளிது. யான் அவ்வாறு பழிக்கமாட்டேன். 2022ஆம் ஆண்டிலே பணம் குன்றி நின்றபோது, ‘குறைந்த செலவிலே வேறு வழி உண்டு’ என ஒருவன் வந்து சொல்லியிருப்பின் என் மனமும் அசைந்திருத்தல் கூடும். இயன்றவர்க்கே கடமை என்னும் விதி எளியோரை விலக்குவதன்று, காப்பது என்பதை அவ்வெயிலிலே கண்டேன். இயலாதவன் செல்லாதிருப்பின் குற்றமில்லை என்று சொல்லிய இறைவன் அருளாளன். அதை எளியோர்க்கு எடுத்துச் சொல்லாதிருப்பது நம்மனோர் குறை.

கல்லெறிந்து, பலி கொடுத்து, தலை மழித்து, மீண்டும் கஃபாவைச் சுற்றிக் கடமையை நிறைவேற்றினோம். மதீனா நகர் சென்று நபிகள் நாயகத்தின் பள்ளியிலே தொழுதோம். இது ஹஜ்ஜின் உறுப்பன்றாயினும் எவரும் தவற விடுவதில்லை.

ஊர் மீண்ட அன்றிரவு காக்கா வந்தார். ஸம்ஸம் நீரைக் கிப்லா நோக்கி நின்று பருகினார். “சொன்னியா?” என்றார். “மொதல் பேரே உங்கட பேர்தான்” என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பிணக்கு வேரற்றுப் போயிற்று என யான் எழுதமாட்டேன். வாய்க்காலைப் பற்றிப் பேச்செழும்போது இன்றும் இருவரும் சிறிது மௌனமாவோம். ஆனால் அம்மௌனத்துக்குப் பின் ஒருவர் வேறு பேச்சை எடுக்கிறோம். சைவ நண்பரிடமும் சென்று, கேட்டதைக் கேட்டவாறே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாது பேரீச்சம் பழத்தை வாங்கி, மகனின் படத்தின் முன் வைத்தார்.

இனிச் செல்ல எண்ணுவோர்க்குச் சில சொற்கள். முதுமையை எதிர்பாராதீர்கள், கால் வலிமை உள்ளபோதே செல்லுங்கள். குடையும் நீரும் கையிலிருந்து நீங்கற்க. பயண முகவரின் உரிமத்தைத் திணைக்களத்திலே விசாரித்தறிந்த பின்னரே பணம் கொடுங்கள். அரபு இறைஞ்சுதல்களைப் பொருளுணர்ந்து மனனம் செய்யுங்கள். தாய்மொழியிலே கேட்க வேண்டியவற்றையும் முன்னரே எண்ணி வையுங்கள். இவையனைத்துக்கும் முன்னதாக, யாருடைய படலையைத் தாண்ட வேண்டியுள்ளது என்று ஓரிரவு தனித்திருந்து எண்ணிப் பாருங்கள். அப்படலையைத் தாண்டுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஹஜ்ஜு மாதம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.